வெற்று எடை

செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டுக்கு
கோலக்கெட்டில் மண்டபத்தில்
பூப்பந்துக் கோடுகள்மேல்
வெறுங்காலோடு நிற்கிறோம், பதினோரு பேர்.
போன வாரக் கல்யாணத்தின் ரசவாசனை
இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.
ஒரு மின்விசிறி சுற்றும்.
இன்னொன்று சத்தம் மட்டும் போடும்.

பகலில் நான் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி.
குலையோடு லோரி ஏறும், ஒரு எண்.
கொட்டிவிட்டு வெறுமையாய் ஏறும், ஒரு எண்.
கழித்தால் வருவது காசு.
பதினாறு வருடமாகக் கழிக்கிறேன்.

கராத்தே எதற்கு இந்த வயதில் என்றால்
சர்க்கரை என்பேன், முட்டிவலி என்பேன்.
தற்காப்பு என்றும் சொன்னதுண்டு,
சொல் நன்றாக இருந்ததால்.

நடந்தது இது.
பாசார் மாலாமில் ஆப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு
காருக்குத் திரும்பிய ஒரு புதன்கிழமை.
மோட்டாரில் வந்தவன் பையைப் பிடித்தான்.
பத்தடி தார்ரோடு என் முழங்கையைத் தின்றது.
பைக்குள் முப்பத்திரண்டு ரிங்கிட்,
ஒரு பனடோல் அட்டை,
காலாவதியான சாலைவரிச் சீட்டு.

தோல் மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டது.
அவன் தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடி
உள்ளே அப்படியே இருந்தது.
வெள்ளை பெல்ட்டில் அதைக் குத்தினேன்.
மஞ்சளில் குத்தினேன். பச்சையில்,
இடுப்பைத் திருப்பி,
குதிகாலிலிருந்து பலம் எடுத்து,
மாஸ்டர் சியா மெச்சும்படி குத்தினேன்.

என் ஜோடி நோர்ஹயாத்தி, கிளினிக் தாதி.
ஒருமுறை என் முன்பல்லை ஆட்டிவைத்தாள்,
மறுநாள் வரிசையில் நிற்கவிடாமல் மருந்து தந்தாள்.
போன வெள்ளி, பல்லுறையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
மாத்தா தூத்துப், காக்.
கண்ணை மூடுகிறாய் அக்கா.
அடி வாங்கும்போது இல்லை.
அடிக்கும்போது.

சிரித்தேன். இல்லவே இல்லை என்றேன்.
சரி, இன்னொரு குத்து விடு என்றாள். விட்டேன்.
எத்தனை விரல் காட்டினேன்?
இரண்டு.
கையே தூக்கவில்லை, என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை.
தவசீலனின் லோரி வெறுமையாய் மேடையேறியது.
திரையில் எண் நடுங்கி நடுங்கி நின்றது,
எண்பது கிலோ அதிகமாக.
இறங்குங்கண்ணே, என்றேன், வழக்கம்போல.
ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தால்
லோரியின் எடை எப்படித் தெரியும்?
முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.
எண் சரியானது.
ரசீது கேட்டு நின்றவனை மறந்து
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கறுப்புக் கண்ணாடியில்
அவன் முகம் தெரிந்ததே இல்லை.
தெரிந்தது என் முகம்,
வாய் கோணி, பல்லைக் கடித்து.
இழுத்தது அவன்தான்.
பத்தடி தூரமும்
பிடியை விடாதது நான்.

நாலு வருடமாக இறுக்கிய முட்டிக்குள்
அந்தப் பையின் வார்
இன்னும் இருக்கிறதோ என்னவோ.
அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
எதிரே வந்தால் இன்றைக்கும் உதைப்பேன்.
ஆனால் குத்தும்போதெல்லாம் நான் மூடிக்கொண்டது
அவனைப் பார்க்காமல் இருக்க அல்ல.

செவ்வாய் இரவு.
வணங்கினோம். சுற்றி வந்தோம்.
கண்ணைத் திறந்து வைப்பது
இத்தனை பாரம் என்று யாரும் சொல்லவில்லை.
முட்டி போகும் வழியெல்லாம் பார்த்தேன்:
நோர்ஹயாத்தியின் தூடோங் ஓரத்தில் வியர்வை,
மேலுதட்டில் ஒரு மச்சம்,
நாலு வருடம் எதிரே நின்றும் நான் காணாதது,
அப்புறம் அவள் கண்ணில் ஒரு சின்னப் பயம்.
இவளுக்குமா என்று
அரை நொடி நின்றுவிட்டேன்.

அந்த அரை நொடியில்
அவள் கால் என் விலாவுக்கு வந்தது.
நல்ல உதை. சுத்தமான உதை.

மல்லாந்து விழுந்தேன், கண் மூடாமல்.
கூரைத் தகட்டுக்கடியில்
எந்தக் கல்யாணமோ விட்டுப்போன பலூன் ஒன்று
பாதிக் காற்றோடு,
சத்தம் மட்டும் போடும் விசிறிக்குப் பக்கத்தில்
மெல்ல அசைந்துகொண்டிருந்தது.